தொட்டிப்பாலமும் நேர்கோடும்

குமரி மாவட்டத்தில் திருவட்டாற்றை அடுத்து மாத்தூர் என்னும் சிற்றூர் உள்ளது. அதனருகே பறளியாறு இரு குன்றுகளுக்கு இடையே ஆழ்ந்த பள்ளத்தில் ஓடுகின்றது. பட்டணங்கால் வாய்க்காலின் நீர் அப்பள்ளத்தைக் கடந்து மறுகுன்றை அடைதல் வேண்டும். பள்ளத்தில் இறங்கிவிட்ட நீர் தானே மேலேறுமோ? ஏறாது. ஆதலின், 28 தூண்களை நிறுத்தி, அவற்றின் மீது தொட்டிபோன்ற கால்வாயை அமைத்தனர். ஏறத்தாழ 1,200 அடி நீளமுள்ள இத்தொட்டிப்பாலம் 1966 ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்றது.

இதன்மேல் நீரைத் தள்ளும் பொறி எதுவும் இல்லை. சிறு சரிவே நீரை நடத்துகின்றது. ஒரு தூண் உயர்ந்துவிடின் நீர் முன்னே தேங்கும். தாழ்ந்துவிடின் பள்ளத்தில் நிற்கும். இரண்டாயினும் வாடுவது கடைமடைப் பயிரே. பள்ளத்தின் தரையோ மேடும் தாழ்வுமாய்க் கிடப்பது. எனவே தூண்களின் நீளம் வேறுவேறாகும். ஆயினும் அவற்றின் தலைகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் அமைதல் வேண்டும். அக்கோட்டை அறிவது எங்ஙனம்?

இரு புள்ளிகள் தெரிந்தால் அவற்றின் வழியே ஒரே ஒரு நேர்கோடுதான் செல்லும். இங்குப் பாலத்தின் இரு முனைகளே அப்புள்ளிகள். விளக்கத்தின் பொருட்டுச் சில அளவுகளைக் கற்பித்துக் கொள்வோம். ஒரு மட்டக்குறியிலிருந்து நோக்க, நீர் புகும் முனை 3 அடி உயரத்திலும், 1,200 அடிக்கு அப்பாலுள்ள மறுமுனை 1 அடி உயரத்திலும் உள்ளன என்க. உயர வேறுபாட்டைத் தொலைவு வேறுபாட்டால் வகுத்தால் கிடைப்பது சாய்வு. 1,200 அடிக்கு 2 அடி தாழ்வு; அஃதாவது 600 அடிக்கு 1 அடி. தொடக்க உயரம் 3 அடியாதலின்,

உயரம் = 3 − (தொலைவு ÷ 600)

என்பது அக்கோட்டின் சமன்பாடு. தொலைவு 1,200 எனக் கொண்டால் உயரம் 1 எனவே வரும். ஆகவே சமன்பாடு சரியே. 900 அடித் தொலைவில் நிற்கும் தூணின் தலை 1.5 அடி உயரத்தில் இருத்தல் வேண்டும். அளந்து பார்க்கையில் அது 2 அடியாயின், அரை அடி மிகுந்தது என்று உடனே அறியலாம்.

இம்முறைக்கு அடங்காத கோடு ஒன்றும் உண்டு. செங்குத்தாக நிற்கும் தூணில் உயரம் மாறும், தொலைவு மாறாது. சுழியால் வகுத்தல் இயலாதாகையால் அதற்குச் சாய்வு கூறுதல் இல்லை. 'தொலைவு = 900' என்பதே அத்தூணின் சமன்பாடு.

வடிவத்தை இவ்வாறு எண்களின் உறவாகக் காணும் முறையைப் பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட்டு 1637 ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். இரு முனைகளின் அளவு கையில் இருந்தால், இடையே நிற்கும் ஒவ்வொரு தூணுக்கும் உரிய உயரத்தைத் தூண் எழும்பு முன்னரே தாளில் கண்டுவிடலாம். பிழையைத் தாளில் திருத்துதல் எளிது. கல்லில் திருத்துதல் அரிது.