மெய்நிகர் கணிப்பொறிகளும் தொலைநிலைக் கட்டுப்பாடும்

ஒரே கணிப்பொறியினுள் பல கணிப்பொறிகளை இயக்கும் முறை புதியதன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1972-ஆம் ஆண்டிலேயே வி.எம்./370 என்னும் அமைப்பை அறிவித்தது. இந்திய அரசின் 'மேகராஜ்' முயற்சியின்கீழ்த் தேசியத் தகவலியல் மையம் 2014-இல் தொடங்கிய தேசிய மேகக் கணிமைச் சேவை, அரசுத் துறைகளுக்கு இத்தகைய மெய்நிகர் பொறிகளை வழங்குகிறது.

இப்பொறிகள் கண்ணுக்குப் புலப்படுபவை அல்ல. ஆதலின், எவை இயங்குகின்றன என்று கண்டறிவதே நிர்வாகத்தின் முதற்பணியாகும். 'லிப்விர்ட்' என்னும் கட்டற்ற மென்பொருளின் துணையால், தொலைவிலுள்ள அலுவலர் மறையாக்கம் செய்யப்பட்ட இணைப்பின் வழியே அவற்றின் பட்டியலைப் பெறலாம். 'விர்ஷ் லிஸ்ட்' என்னும் ஆணை இயங்குபவற்றை மட்டுமே காட்டும். 'ஆல்' என்னும் குறிப்பைச் சேர்த்தால் நிறுத்தப்பட்டவையும் தெரியும். அவையோ சேமிப்பிடத்தைத் தொடர்ந்து அடைத்துக்கொண்டிருக்கும்.

நிறுத்தும் ஆணைகள் இருவகைப்படும். 'ஷட்டவுன்' பொறியை முறைப்படி ஓயுமாறு கோருகிறது. 'டிஸ்ட்ராய்' மின்சாரத்தைத் திடீரெனத் துண்டிப்பதற்கு ஒப்பானது. வட்டு அழியாதெனினும், எழுதி முடியாத பதிவுகள் இழக்கப்படலாம்.

எனவே, ஒவ்வொரு பொறிக்கும் அதன் பயன், உரிய துறை, பொறுப்பு அலுவலர் ஆகிய விவரங்கள் அடங்கிய பதிவேடு இன்றியமையாதது. கேட்பாரற்று இயங்கும் பொறி பொதுப்பணத்தை விரயமாக்குகிறது. ஆராயாமல் நிறுத்தப்படும் பொறியோ ஓய்வூதியத்திற்குக் காத்திருக்கும் முதியவரை வெறுங்கையுடன் திருப்பியனுப்பக்கூடும்.