நுரையோரம் நின்ற கொக்கு

அன்புள்ள தங்கைக்கு,

ஓசூர்ப் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணைக்குப் போய் ஒரு நல்ல பறவைப் படம்கூடக் கிடைக்காமல் திரும்பியதாக எழுதியிருந்தாய். ‘எனக்கு அதிர்ஷ்டமே இல்லை’ என்று முடித்திருந்ததுதான் மனதை உறுத்தியது. ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவருக்கும் ஒரு நவம்பர் கடைசியில் இதேதான் நடந்தது. அவர் கதையைக் கேள்.

நைட் ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் ஆறரை மணிக்கே அணைக்கரையில் போய் நின்றார். ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். மூட்டம் இறங்கிவிட்டால் எதிர்க்கரை தெரியாது. வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் வேறுபாடு இருந்தால்தான் ஆட்டோஃபோகஸ் பிடிக்கும். அன்று அது இல்லாததால் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருந்தது. எட்டு மணிக்கு மூட்டம் விலகியது, தூறல் பிடித்துக்கொண்டது. கேமராவுக்குப் பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு பார்த்தார். முந்தைய மார்ச்சில் பவளக்கால் உள்ளான்கள் நின்ற இடத்தில் வெறும் தண்ணீர்.

காரணம் நீர்மட்டம். உள்ளான்கள் கால் நனையும் ஆழத்தில் நடந்து இரை பொறுக்குபவை. மழையில் அணை நிறைந்தால் சேற்றுத் திட்டுகள் மூழ்கிவிடும். பறவைகள் வயலுக்கும் குட்டைக்கும் சிதறிவிடும். பிப்ரவரி, மார்ச்சில் நீர் இறங்க இறங்கத் திட்டுகள் வெளியே தெரியும், பறவைகளும் கரையோரம் கூடும். நீ அதிர்ஷ்டம் என்று சொல்வதில் பாதி இதுதான். அடுத்த முறை கிளம்புமுன் அணையில் எவ்வளவு தண்ணீர் என்று விசாரித்துக்கொள்.

அன்று மதகுக்குக் கீழே நுரை மிதந்தது. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூர்ப் பக்கத்துக் கழிவுநீரையும் வாங்கிக்கொண்டு வருகிறது. தமிழ்நாட்டுக்குள் அதன் முதல் அணை கெலவரப்பள்ளி. சோப்பும் சலவைத்தூளும் ரசாயனங்களும் கலந்த நீர் மதகில் விழுந்து அலைக்கழியும்போது நுரைத்து எழுகிறது.

வழக்கமாக நுரை தெரியாதபடி கேமராவைத் திருப்பிக்கொள்பவர் அவர். அன்று அதன் ஓரத்தில் ஒரு சின்னக் கொக்கு நின்றது. கறுப்புக் கால், மஞ்சள் விரல்கள். அது ஓர் அடி எடுத்து வைத்ததும் மஞ்சள் முழுவதும் நுரைக்குள் மறைந்தது. அதைப் படமெடுத்தார். முதல் படத்தில் கொக்கும் நுரையும் சாம்பல் நிறமாக வந்தன. ஃபிரேம் நிறைய வெள்ளை இருந்தால் வெளிச்சம் அதிகம் என்று கேமரா தப்புக்கணக்குப் போட்டுக் குறைத்துவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டிய பிறகே வெள்ளை வெள்ளையாக வந்தது. உனக்கும் அப்படி ஒரு படம் கிடைத்தால் நுரையை வெட்டிவிடாதே என்றுதான் சொல்வேன். அந்தக் கொக்கு வாழும் ஆறு அது.

திரும்பும் வழியில் வாய்க்கால் மேல் கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று அந்தரத்தில் சிறகடித்தபடி நின்றது. உடம்பு அதிர்ந்தது, தலை ஆணி அடித்தாற்போல் அசையவில்லை. ஷட்டர் 1/2000, ஐஎஸ்ஓ 3200 வைத்தார். படத்தில் புள்ளிகள் தெரியும்தான், ஆனால் கலங்கிய படத்தைவிட அது மேல். எடுத்த பன்னிரண்டில் ஒன்றில்தான் கண் கூர்மையாக விழுந்தது. மார்பில் இரண்டு கறுப்புப் பட்டை இருந்ததால் ஆண் என்றும் தெரிந்தது. பெண்ணுக்கு ஒரே பட்டை.

இன்னும் கிட்டே போயிருக்கலாமே என்பாய். பறவை இரை தேடுவதை விட்டு உன்னையே பார்க்கத் தொடங்கினால் அங்கேயே நின்றுவிட வேண்டும். கூட்டின் அருகே போகவே கூடாது. செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைக்கவும் கூடாது.

கேமராவைவிட முக்கியம் நோட்டுப் புத்தகம். காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்த மா. கிருஷ்ணன், 1950 முதல் 1996-ல் மறையும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் எழுதிய பத்திக்குப் பெயரே ‘கண்ட்ரி நோட்புக்’. படம் விழாத நாளிலும் பறவையின் பெயர், எண்ணிக்கை, இடம், நேரம் நான்கையும் குறித்துவிடு. பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் பதினைந்து நிமிடம் பார்த்து எழுதிய பட்டியலையும் ‘ஈபேர்ட்’ தளத்தில் சேர்க்கலாம்.

நண்பரின் நோட்டில் அன்றைய பக்கம் இது: “காலை 6.30 – 9.40. மூட்டம், தூறல். அணை நிறைய நீர். உள்ளான் இல்லை. மதகடியில் நுரை, சின்னக் கொக்கு 1. வாய்க்காலில் கருப்பு வெள்ளை மீன்கொத்தி, ஆண் 1. மார்ச்சில் மறுபடி வரணும்.”

அன்புடன்,
அண்ணன்