பிரிட்டன் வேலை விசா: முதலில் ஸ்பான்சரைச் சரிபாருங்கள்

பிரிட்டனில் வேலை கிடைத்துவிட்டது என்று யாராவது சொன்னால், விவரம் தெரிந்தவர்கள் உடனே கேட்பது "சிஓஎஸ் வந்துடுச்சா?" என்றுதான். ஸ்பான்சர்ஷிப் சான்றிதழைத்தான் சுருக்கமாக அப்படிச் சொல்கிறார்கள். அது வராதவரை ஆஃபர் லெட்டரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

ஸ்கில்டு ஒர்க்கர் விசா 2020 டிசம்பர் 1 அன்று, பழைய டியர் 2 விசாவுக்குப் பதிலாக வந்தது. 2024 ஏப்ரலிலும் 2025 ஜூலையிலும் விதிகள் வெகுவாக இறுகின. உங்கள் படிப்பும் அனுபவமும் எவ்வளவு இருந்தாலும், அழைக்கும் நிறுவனத்துக்கு உரிமம் இல்லையென்றாலோ, அது தரும் சம்பளம் விதிக்குள் வரவில்லையென்றாலோ கதவு திறக்காது. அதனால் நிறுவனம் உங்களைச் சோதிக்கும் அளவுக்கு நீங்களும் நிறுவனத்தைச் சோதிக்க வேண்டும்.

உங்கள் வேலைக்கு விசா உண்டா?

பிரிட்டன் அரசு ஒவ்வொரு வேலைக்கும் நான்கு இலக்கக் குறியீடு வைத்திருக்கிறது. மென்பொருள் எழுதுபவர்களுக்கு 2134. 2025 ஜூலை 22 முதல் பட்டதாரி நிலையில் வகைப்படுத்தப்பட்ட வேலைகளுக்கு மட்டுமே புதிதாக இந்த விசா உண்டு. இங்கே பலர் குழம்புகிறார்கள். உங்களிடம் பி.இ. பட்டம் இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. அந்த வேலை எந்த நிலையில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதே கணக்கு. பொறியியல் படித்தவரை லண்டன் உணவகம் ஒன்று சமையல் வேலைக்கு அழைத்தால் விசா கிடைக்காது. முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதும் அதே தேதியில் நின்றுவிட்டது. "கேர் ஹோம் வேலை இருக்கு, சென்னையிலிருந்தே அனுப்புகிறோம்" என்று இன்னும் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பற்றாக்குறைப் பட்டியலில் உள்ள சில இடைநிலை வேலைகளுக்குத் தற்காலிக விலக்கு உண்டு. ஆனால் அந்த வழியில் புதிதாகப் போகிறவர்கள் மனைவி, மக்களை அழைத்துப்போக முடியாது.

நிறுவனத்துக்கு உரிமம் உண்டா?

ஸ்பான்சர் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை பிரிட்டன் அரசே தன் இணையதளத்தில் இலவசமாக வெளியிடுகிறது. ஒவ்வொரு வரியிலும் நிறுவனத்தின் பெயர், ஊர், தரம், எந்த விசாவுக்கு உரிமம் என்ற விவரங்கள் இருக்கும். மூன்றைப் பாருங்கள்.

- ஆஃபர் லெட்டரில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா? கடைப் பெயர் ஒன்றாகவும் பதிவுப் பெயர் வேறாகவும் இருக்கலாம். அப்படியானால் பதிவுப் பெயரை எச்.ஆரிடம் கேட்டு வாங்கித் தேடுங்கள்.
- தரம் ‘ஏ’ தானா? ‘பி’ என்றிருந்தால் பிரிட்டன் உள்துறை அந்த நிறுவனத்தில் குறை கண்டிருக்கிறது. அதைச் சரிசெய்யும்வரை புதிதாக ஆள் எடுப்பது நடக்காது.
- ‘ஸ்கில்டு ஒர்க்கர்’ என்று குறித்திருக்கிறதா? வேறு வகை விசாவுக்கு மட்டும் உரிமம் வைத்திருக்கும் நிறுவனங்களும் அதே பட்டியலில் இருக்கும்.

உரிமம் இருப்பதாலேயே எல்லா நிறுவனமும் எல்லா வேலைக்கும் ஸ்பான்சர் செய்துவிடாது. முதல் சுற்று நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள்: "இந்தப் பணியிடத்துக்கு ஸ்பான்சர் செய்வீர்களா? எந்தக் குறியீட்டில்?" கேட்கக் கூச்சப்பட்டு நான்கு சுற்று முடிந்த பிறகு ‘இல்லை’ என்ற பதிலை வாங்குவதில் யாருக்கு லாபம்?

சம்பளத்துக்கு இரண்டு கோடுகள்

பொதுவான குறைந்தபட்சம் ஆண்டுக்கு 41,700 பவுண்டு. அதோடு ஒவ்வொரு வேலைக் குறியீட்டுக்கும் தனியாக ‘நடப்பு ஊதியம்’ என்று ஒன்று உண்டு. இரண்டில் எது அதிகமோ அதைத் தொட வேண்டும்.

30 வயது மென்பொருளாளர் ஒருவருக்கு 45,000 பவுண்டு தருவதாகக் கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 41,700-ஐத் தாண்டிவிட்டோம் என்று அவர் நிம்மதியாக இருப்பார். ஆனால் 2134 குறியீட்டின் நடப்பு ஊதியம் 50,000 பவுண்டுக்கும் மேல். விசா மறுக்கப்படும். அதே கடிதம் 24 வயதுக்காரருக்கு வந்தால் கதை வேறு. விண்ணப்பிக்கும் நாளில் 26 வயது நிறையாதவர்களுக்குப் ‘புதியவர்’ சலுகை உண்டு: நடப்பு ஊதியத்தில் 70 சதவீதம், குறைந்தது 33,400 பவுண்டு இருந்தால் போதும். அவருக்கு விசா கிடைக்க வழி இருக்கிறது.

போனஸ், ஓவர்டைம், வீட்டுப்படி எதுவும் இந்தக் கணக்கில் சேராது. உறுதியான அடிப்படைச் சம்பளம் மட்டுமே சேரும். நடப்பு ஊதியம் வாரம் 37.5 மணி நேர வேலைக்குப் போட்ட கணக்கு. உங்களுக்கு 40 மணி நேரம் என்றால் அந்தக் கோடும் அதே விகிதத்தில் உயரும்.

சிஓஎஸ் கைக்கு வந்ததும்

சிஓஎஸ் என்பது உள்துறையின் கணினியில் நிறுவனம் உருவாக்கும் பதிவு. விண்ணப்பத்துக்கு உங்களுக்குத் தேவை அதன் குறிப்பு எண். அதோடு பதிவின் நகலையும் கேட்டு வாங்கி வரிவரியாகப் படியுங்கள். பாஸ்போர்ட் எண், பெயரின் எழுத்துகள், பிறந்த தேதி, வேலைக் குறியீடு, சம்பளம், வார மணி நேரம், வேலை தொடங்கும் நாள், பணியிட முகவரி எல்லாம் ஆஃபர் லெட்டரோடு ஒத்துப்போக வேண்டும். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இனிஷியல் ஒரு தனித் தலைவலி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக இருந்து, சிஓஎஸ்ஸில் ஒற்றை எழுத்தாக வந்திருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே திருத்தச் சொல்லுங்கள்.

சிஓஎஸ் வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வேலை தொடங்கும் நாளுக்கு மூன்று மாதத்துக்கு மேல் முந்தியும் விண்ணப்பிக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து போடும் விண்ணப்பத்துக்கு, பயோமெட்ரிக் கொடுத்த பிறகு வழக்கமாக மூன்று வாரத்தில் முடிவு தெரியும்.

இப்போதே தயார் செய்ய வேண்டியவை

- ஆங்கிலத் தேர்ச்சி: 2026 ஜனவரி 8 முதல் புதிய விண்ணப்பதாரர்களுக்கு பி2 நிலை தேவை. ஐஇஎல்டிஎஸ் எழுதுவதாக இருந்தால் ‘யுகேவிஐ’ என்று குறித்த தேர்வையே எழுத வேண்டும். நான்கு பிரிவிலும் 5.5 வர வேண்டும். சாதாரண ஐஇஎல்டிஎஸ்ஸில் 8 வாங்கியிருந்தாலும் செல்லாது. ஆங்கில வழியில் பட்டம் படித்தவர்கள், அதை எக்டிஸ் அமைப்பிடம் உறுதிசெய்து வாங்கினால் தேர்வே வேண்டாம்.
- காசநோய்ப் பரிசோதனை: இந்தியா, இலங்கை இரண்டிலிருந்தும் கட்டாயம். அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் எடுத்த சான்று மட்டுமே செல்லும். ஆறு மாதம்தான் அதன் ஆயுள்.
- வங்கி இருப்பு: தொடர்ந்து 28 நாள் 1,270 பவுண்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் 28 நாள் மறுபடி முதலிலிருந்து. ‘ஏ’ தர நிறுவனம் சிஓஎஸ்ஸிலேயே உங்கள் பராமரிப்புக்குப் பொறுப்பேற்றால் இது தேவையில்லை.
- போலீஸ் சான்று: ஆசிரியர், செவிலியர் போன்ற வேலைகளுக்குத் தேவை. கடந்த 10 ஆண்டில் 12 மாதமோ அதற்கு மேலோ இருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் வாங்க வேண்டும். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் இதை முதலிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

யார் பணம், யார் பை?

2025 ஏப்ரலில் நிர்ணயித்த கட்டணப்படி, வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தால் மூன்று ஆண்டு வரையிலான விசாவுக்கு 769 பவுண்டு, அதற்கு மேல் 1,519 பவுண்டு. இதைவிடப் பெரிது ஆண்டுக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணம். அதை மொத்தமாக முன்கூட்டியே கட்ட வேண்டும். ஐந்து ஆண்டு விசாவுக்கு ஒருவருக்கு 1,519-உம் 5,175-உம் சேர்த்து 6,694 பவுண்டு. மனைவியும் வருகிறார் என்றால் இரண்டு மடங்கு. மருத்துவர், செவிலியர்களுக்கான சுகாதாரப் பணியாளர் விசாவில் இந்தச் சுகாதாரக் கட்டணம் இல்லை, விசா கட்டணமும் குறைவு.

நிறுவனத்தின் செலவு தனி. சிஓஎஸ்ஸுக்கு 525 பவுண்டு. பெரிய நிறுவனமென்றால் திறன் வரியாக ஆண்டுக்கு 1,320 பவுண்டு. உரிமக் கட்டணம் வேறு. இந்த மூன்றையும் ஊழியர் தலையில் கட்டக் கூடாது என்பது விதி. மீறினால் நிறுவனத்தின் உரிமமே போகும். உங்கள் விசா கட்டணத்தை நிறுவனம் கட்டுவதாக இருந்தால், எத்தனை ஆண்டுக்குள் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்ற ஷரத்தைப் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

ஏஜென்ட் வழியாகப் போகிறீர்களா?

இந்தியாவில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் குடிபெயர்வோர் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். இ-மைக்ரேட் தளத்தில் பெயரைத் தேடலாம். சேவைக் கட்டணமாக அவர் வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். புகார் கொடுக்க சென்னையிலேயே குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆள் எடுத்து அனுப்புகிறது. இலங்கையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் உள்ள ஏஜென்டா என்று பார்க்க வேண்டும்.

போய்ச் சேர்ந்த பிறகு

விசா அந்த நிறுவனத்தோடும் அந்த வேலையோடும் கட்டப்பட்டது. வேறு நிறுவனத்துக்கு மாறப் புதிய சிஓஎஸ் வேண்டும், புதிய விண்ணப்பம் வேண்டும், அனுமதி வந்த பிறகே அங்கே வேலையில் சேரலாம். வேலை போனாலோ நிறுவனத்தின் உரிமம் ரத்தானாலோ வழக்கமாக 60 நாள் அவகாசம் தருவார்கள். அதற்குள் வேறு ஸ்பான்சரைப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். மூன்று மாதச் செலவுக்கான பணத்தைத் தொடாமல் வைத்திருப்பது நல்லது. ஐந்து ஆண்டில் நிரந்தர வசிப்புரிமை என்ற பழைய கணக்கை மட்டும் நம்பிக் கடன் வாங்காதீர்கள். அதைப் பத்து ஆண்டாக்கும் திட்டத்தை பிரிட்டன் அரசு 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் அறிவித்துவிட்டது.

கட்டணங்களும் சம்பளக் கோடுகளும் அடிக்கடி மாறுபவை. விண்ணப்பிக்கும் வாரத்தில் அரசு இணையதளத்தில் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். மாறாத ஒன்று உண்டு: சிஓஎஸ் விலைக்கு வாங்கும் பொருள் அல்ல. பத்து லட்சம் கொடுத்தால் சிஓஎஸ் தருகிறேன் என்று யார் சொன்னாலும், அவர் எவ்வளவு நெருங்கிய உறவாக இருந்தாலும், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.