வானொலி இசையும் ஒலித்தூய்மையும்

ஒலியை அளந்தறியும் விருப்பம் தமிழர்க்குப் புதியதன்று. கண்ணிமைத்தலையும் கைந்நொடித்தலையும் கொண்டு ஒரு மாத்திரையை வரையறுத்தனர் ஆசிரியர் தொல்காப்பியனார். இக்காலத்து இலக்கமுறைப் பொறிகளோ ஒரு வினாடியைப் பல்லாயிரங் கூறாக்கி ஒலியை அளக்கின்றன. அங்ஙனம் அளந்த ஒலி செயற்கைக்கோள் வழியாக நம் செவியை எட்டுங்கால் எத்துணைத் தூய்மையுடன் வருகின்றது, அத்தூய்மை எதனைப் பற்றி நிற்கின்றது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் ஓர் அளவுகோலை வகுத்துக்கொள்வாம். இசைக் குறுந்தகட்டில் ஒலி வினாடிக்கு 44,100 முறை அளக்கப்படுகின்றது. ஒவ்வோர் அளவும் 16 பிட்டுகளால் எழுதப்படும். பிட்டு என்பது சுழி, ஒன்று என்னும் இரண்டனுள் ஒன்றாய் நிற்கும் இலக்கம். இடம், வலம் என்னும் இருபாலுக்கும் சேர்த்துக் கணக்கிடின் வினாடிக்கு 14,11,200 பிட்டுகள் வேண்டும். மனிதச் செவி கேட்கவல்ல உச்ச அதிர்வெண் வினாடிக்கு ஏறக்குறைய 20,000. அதன் இருமடங்கினும் மிகுதியாக அளத்தலின், செவிக்குரிய அதிர்வுகள் யாவும் குறுந்தகட்டில் அடங்கும்.

செயற்கைக்கோளுக்கோ இத்துணைப் பிட்டுகளை வாரி வழங்கும் வளமில்லை. அமெரிக்க நாட்டில் 1997-ஆம் ஆண்டு நடந்த ஏலத்தில் இரு நிறுவனங்கள் தலைக்கு 12.5 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைப்பகுதியைப் பெற்றன. அவற்றுள் ஒன்று தொடக்கத்தில் குறுந்தகட்டின் பெயரையே தாங்கி 'சி.டி. ரேடியோ' என வழங்கிற்று. 1999-இல் 'சிரியஸ்' எனப் பெயர் மாற்றிக்கொண்டது. மற்றொன்று 'எக்ஸ்.எம்.' எனப்பட்டது. இரண்டும் 2008-இல் ஒன்றாயின. ஒரே நிகழ்ச்சியைக் கோள்களும் தரைநிலையங்களும் தனித்தனியே அனுப்பவேண்டும். வழியில் நேரும் பிழையைத் திருத்தற்குரிய பிட்டுகளையும் உடன் சேர்க்கவேண்டும். ஆதலின் ஒலிக்கென எஞ்சுவது சிறிதே. உதாரணமாக, எஞ்சியது வினாடிக்கு 40 லட்சம் பிட்டுகள் எனக் கொள்வோம். குறுந்தகட்டின் முறைப்படி இரண்டு நிலையங்களே அதனுள் அடங்கும். நூறு நிலையங்கள் வேண்டுமெனின் ஒன்றற்குக் கிடைப்பது 40,000 பிட்டுகள். அஃதாவது குறுந்தகட்டில் ஏறக்குறைய முப்பத்தைந்தில் ஒரு பங்கு.

யாப்பு இடந்தராதபோது புலவர் என் செய்வர்? குறுக்கல், தொகுத்தல் முதலிய விகாரங்களை மேற்கொண்டு, பொருள் கெடாவண்ணம் எழுத்தைச் சுருக்குவர். பொறியாளர் செய்ததும் இதுவே. உரத்த ஓசை எழும்பொழுது, அதற்கு அணித்தான அதிர்வெண்ணில் எழும் மெல்லோசை செவிக்குப் புலனாவதில்லை. இங்ஙனம் மறைபடும் பகுதிகளைச் சுருங்க எழுதின் கேட்போர் குறையுணரார். எம்.பி.3 என்னும் வடிவம் இக்கொள்கையின்மீதே அமைந்தது. சிரியஸ் மேற்கொண்ட 'பி.ஏ.சி.' என்பதும், எக்ஸ்.எம். மேற்கொண்ட 'ஏ.ஏ.சி. பிளஸ்' என்பதும் இவ்வழிப்பட்டனவே. பின்னதில் மற்றுமொரு புதுமை உண்டு. ஒலியின் கீழ்ப்பகுதியோடு, மேற்பகுதியைப் பற்றிய சிறு குறிப்பு மட்டுமே அனுப்பப்படும். அக்குறிப்பைக் கொண்டு வாங்கும் பொறி மேற்பகுதியைத் தானே புனைந்துகொள்ளும்.

நம் நாட்டாரும் இத்தகைய வானொலியைக் கேட்டதுண்டு. எத்தியோப்பியாவிற் பிறந்த நோவா சமாரா என்பார் நிறுவிய 'வேர்ல்டுஸ்பேஸ்', 2000-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் 'ஏசியாஸ்டார்' என்னும் கோளை விண்ணிற் செலுத்திற்று. ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தினின்று எம்.பி.3 வடிவில் இசை வந்தது. கருநாடக இசைக்கெனவே அதில் ஒரு நிலையம் இருந்தது. வினாடிக்கு 16 கிலோபிட்டு என்பதே அங்கு அடிப்படைப் பங்கு. அதன் மடங்குகளாக 128 வரை ஒரு நிலையத்திற்கு அளிக்கலாம். எனவே வடிவம் ஒன்றே, கோளும் ஒன்றே ஆயினும், பங்கு வேறுபடின் தூய்மையும் வேறுபடும். அந்நிறுவனம் 2008-இல் திவால்நிலையை அறிவித்தது. 2009-ஆம் ஆண்டின் இறுதியோடு இந்தியாவில் அதன் ஒலிபரப்பு நின்றது.

அளவுகடந்து சுருக்குவதால் நேருங் குற்றங்கள் யாவை? தம்புராவின் சுருதியை நிறைவாக்குவன அடிநாதத்தின்மேல் எழும் நுண்ணிய மேலோசைகளே. பிட்டுகள் போதாவிடின் அவை மழுங்கும், அல்லது நீரில் அலைவனபோல் நடுங்கும். மிருதங்கத்தின் கூரிய தட்டு அமைதியினிடையே எழுமாயின், அத்தட்டுக்கு முன்னரே அதன் நிழல்போல ஒரு மெல்லிரைச்சல் தோன்றுதல் கூடும். இட, வல வேறுபாடும் குன்றும். செய்தி வாசிப்புக்கு இக்குறைகள் பெரிதல்ல. சிறு பங்கே அதற்குச் சாலும். இசைக்கோ அஃது உயிரைக் குறைத்தலாகும்.

ஈண்டு ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். பழைய வானொலியில் குற்றம் இரைச்சலாக வெளிப்பட்டது. யாவரும் அதனை அறிந்தனர். இலக்கமுறையிலோ அவ்விரைச்சல் இல்லை. அலை வந்தால் ஒலிக்கும், வாராவிடின் அடங்கும். இரைச்சலின்மையையே தூய்மை எனக் கருதி, இழந்ததை உணராதிருக்கின்றோம். இரைச்சலின்மை வேறு, நிறைவு வேறு.

ஆகவே, 'எந்த வடிவம் சிறந்தது?' என்று மட்டும் வினவுதல் போதாது. 'இவ்விசைக்கு எத்துணைப் பங்கு அளித்தனர்?' என்றும் வினவுதல் வேண்டும். யாப்பின் நெருக்கடியால் எழுத்தைக் குறைத்த புலவனை இலக்கணம் ஏற்கும். பொருள் சிதையக் குறைத்தவனை ஏற்காது. நிலையங்களின் எண்ணிக்கையைப் பெருக்கிப் பெருமை கொள்ள விரும்பி, ஒவ்வொன்றன் ஒலியையும் சிதைப்பார்க்கும் இவ்விதி பொருந்தும். நண்பர்களே! ஒரு தம்புரா இசையை 32 கிலோபிட்டிலும் 128 கிலோபிட்டிலும் அமைத்து, அமைதியான அறையில் மாறிமாறிக் கேட்டுப் பாருங்கள். இக்கட்டுரை கூறியதன் உண்மையை உங்கள் செவியே உரைக்கும்.