பழைய ஸ்கூல் பஸ் வாங்கியாச்சா? பிரேக்கிலும் சக்கரத்திலும் கை வைக்கும் முன் அக்கா சொல்றதைக் கேளுங்க

என் தம்பி பழைய ஸ்கூல் பஸ் ஒன்றை விலைபேசி முடித்துவிட்டுத்தான் என்னிடம் சொன்னான். எங்கள் தேவிகாபுரத்தில் தறி வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு இப்படி ஓர் ஆசை வருவது அதிசயமில்லை. சீட்டைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கமும் ரேக் அடித்தால் பட்டுப்புடவைக் கடையே ஊர் ஊராகப் போகும். பின்பக்கம் ஒரு கட்டிலும் கேஸ் அடுப்பும் வைத்தால் ராத்திரி தங்கலுக்கு லாட்ஜ் வேண்டாம். அமெரிக்காவில் இப்படி மாற்றிய பஸ்ஸை ‘ஸ்கூலி’ என்று செல்லமாகக் கூப்பிட்டு அதிலேயே குடித்தனம் நடத்துகிறார்கள். அங்கே ஸ்கூல் பஸ்ஸுக்கு மஞ்சள் நிறம் என்று 1939-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். அந்த மஞ்சள் இன்றைக்கு நம் ஆரணி ரோட்டிலும் ஓடுகிறது.

ரேக், கட்டில், பெயிண்ட் எல்லாம் அப்புறம். முதல் செலவு பிரேக்குக்கும் சக்கரத்துக்கும்தான். நிறைய வேலையை வீட்டு வாசலிலேயே செய்யலாம். சிலதைத் தொடவே கூடாது. எது எது என்று பிரித்துச் சொல்கிறேன்.

ஸ்கூல் பஸ்ஸுக்கு என்று ஒரு தனி நோய் உண்டு. காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, மற்ற நேரமெல்லாம் வெயிலிலும் மழையிலும் நிற்கிற வண்டி அது. கோடை விடுமுறையில் மாதக்கணக்கில் அசையாது. கிலோமீட்டர் குறைவாக ஓடியிருக்கிறது என்று சந்தோஷப்படாதீங்க. ஓடித் தேய்ந்ததைவிட நின்று துருப்பிடித்ததுதான் இதில் அதிகம். பிரேக் டிரம்முக்குள் துரு, ஆயில் சீல் காய்ந்து வெடிப்பு, டயரில் பட்டன், அதாவது தரையில் படுகிற தேய்மானப் பகுதி, நன்றாக இருந்தும் பக்கவாட்டில் நரம்பு நரம்பாகக் கீறல் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். டயர் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் செய்த டயர். விற்கிறவர் “புது டயர்ங்க” என்றால் குனிந்து அந்த எண்ணைப் படிங்க. பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. என்னைக் கேட்டால் அந்த அளவு வரைக்கும் தேயவிடுவதே தப்பு. ரீபட்டன் போட்ட டயரை முன்சக்கரத்தில் மாட்டவே மாட்டாதீங்க. முன்டயர் வெடித்தால் ஸ்டியரிங் நம் கையில் இருக்காது.

அடுத்து, உங்கள் வண்டி ஆயில் பிரேக்கா, ஏர் பிரேக்கா என்று தெரிந்துகொள்ளுங்க. சின்ன ஸ்கூல் வேன், 407 சைஸ் வண்டிகளில் பெரும்பாலும் ஆயில் பிரேக், கூடவே ஒரு வாக்குவம் பூஸ்டர். பெரிய பஸ்ஸில் ஏர் பிரேக். டேஷ்போர்டில் காற்றழுத்த மீட்டரும் அடியில் உருளை உருளையாக டேங்கும் இருந்தால் ஏர். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

ஆயில் பிரேக் வண்டியில் பெடலே பாதி ஜாதகம் சொல்லும். இன்ஜினை நிறுத்திவிட்டு நாலைந்து தடவை மிதிங்க. பெடல் கெட்டியாகும். காலை எடுக்காமல் ஸ்டார்ட் பண்ணினால் பெடல் கொஞ்சம் கீழே இறங்கணும். இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் லைனில் காற்று புகுந்திருக்கிறது. கெட்டியாக நின்றுவிட்டு, மிதித்தபடியே இருக்கும்போது மெல்ல மெல்லத் தரைக்குப் போனால் எங்கேயோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் போய்விட்டது. அப்படி ஒரு வண்டியை மெக்கானிக் ஷாப் வரைக்கும்கூட ஓட்டிப் போகாதீங்க, மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையாவது மாற்றுவது நல்லது. அது காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடிக்கும் சாமான். டாட் 3 என்று போட்ட புது ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடித்த பிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு வந்துவிடும். போளூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறி ஜமுனாமரத்தூர் போய்த் திரும்பி இறங்குகிறவர்கள் இதை நினைவில் வைக்கணும். இறக்கம் முழுக்கப் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வந்தால் சூட்டில் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் வரும், பெடல் பொசுக்கென்று உள்ளே போகும். எந்த கியரில் ஏறினீங்களோ அதே கியரில் இறங்குங்க, பிரேக்கை விட்டு விட்டுப் பிடிங்க. கண்டிப்பாக இன்ஜின் ஆயிலையோ வேறு எண்ணெயையோ பிரேக் டப்பாவில் ஊற்றிடாதீங்க. ரப்பர் எல்லாம் ஊதிப்போய் மொத்த சிஸ்டமும் கெட்டுவிடும்.

காற்று எடுக்க, அதாவது பிளீடிங் பண்ண, இரண்டு பேர் வேண்டும். எங்கள் வீட்டில் கணவர் சக்கரத்தடியில், நான் பெடலில். நிப்பிளில் உள்ளே தெரிகிற மாதிரி ஒரு டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்கி வைப்போம். அவர் “மிதி” என்றால் மிதித்து, “பிடி” என்றால் பிடித்துக்கொள்வேன். நிப்பிளை அரைச்சுற்று திறப்பார். குமிழ் குமிழாகக் காற்று வரும். மறுபடி மூடிவிட்டு “விடு” என்று சொன்ன பிறகுதான் காலை எடுக்கணும். மூடுவதற்கு முன்னால் எடுத்தால் வெளிக்காற்றை உள்ளே இழுத்து, செய்த வேலை அத்தனையும் வீண். மாஸ்டர் சிலிண்டருக்கு எது தூரமோ அந்தச் சக்கரத்திலிருந்து ஆரம்பிப்பது பொது வழக்கம். உங்கள் வண்டி மேனுவலில் வேறு வரிசை இருந்தால் அதையே பின்பற்றுங்க. நடுநடுவே டப்பாவில் ஆயில் குறையாமல் பார்த்துக்கொள்ள ஒரு பொடியனை நிறுத்தினால் நல்லது. வெளியே வந்த ஆயிலைத் திரும்ப ஊற்றவே கூடாது. பெயிண்டில் சிந்தினால் உரித்துவிடும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்க.

ஏர் பிரேக் வண்டிக்குத் தினசரி வேலை ஒன்றே ஒன்று: டேங்க் அடியில் இருக்கிற வால்வைத் திறந்து தண்ணீரை வடிக்கிறது. காற்றை அமுக்கும்போது அதிலிருக்கிற ஈரம் டேங்கில் தண்ணீராகத் தங்கும், பிறகு வால்வுக்குள் போய்த் துருவாகும். வடிகிற தண்ணீர் பால் மாதிரியோ எண்ணெய்ப் பிசுக்காகவோ இருந்தால் கம்ப்ரஸர் ஆயில் தள்ளுகிறது என்று அர்த்தம்.

கசிவு பார்க்க மெக்கானிக் வேண்டாம். சமதரையில் எல்லாச் சக்கரத்துக்கும் கட்டை கொடுத்துவிட்டு, காற்று முழுசாக ஏறியதும் இன்ஜினை நிறுத்துங்க. பார்க்கிங் பிரேக்கை விடுவித்துவிட்டு மீட்டரையே ஒரு நிமிடம் பாருங்க. அமெரிக்காவில் பஸ் லைசென்ஸுக்கு வருகிறவரிடம் இதையே பரீட்சையாக வைக்கிறார்கள்: நிமிடத்துக்கு 2 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக்கூடாது, பெடலை மிதித்துப் பிடித்திருந்தால் 3. நம் மீட்டரில் அது முள் அசைந்ததா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவுதான். கண்ணுக்குத் தெரிந்து இறங்கினால் சோப்புத்தண்ணீரைத் தொட்டு ஒவ்வொரு ஜாயின்டிலும் தடவுங்க. நுரை வரும் இடம் குற்றவாளி. அப்புறம் சாவியைப் போட்டபடி பெடலை மிதித்து மிதித்துக் காற்றைக் காலி பண்ணுங்க. சுமார் 4 கிலோவுக்கு இறங்குவதற்குள் பஸ்ஸர் கத்தணும். பழைய வண்டியில் தொந்தரவு என்று அந்த ஒயரைப் பிடுங்கி வைத்திருப்பார்கள். அதை முதலில் மாட்டுங்க.

இப்போது தொடக்கூடாதது. பின்சக்கரத்துப் பக்கம் பெரிய டப்பா மாதிரி இருக்கிற ஸ்பிரிங் பிரேக் சேம்பருக்குள் பயங்கர பலத்தோடு அமுக்கி வைத்த ஸ்பிரிங் இருக்கிறது. காற்று போனால் அது விரிந்துதான் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. அதன் கிளாம்பைக் கழற்றினால் பீரங்கிக் குண்டாக வெளியே வரும், எதிரில் இருப்பவர் பிழைப்பது கஷ்டம். யூட்யூப் பார்த்துவிட்டு “நானே பார்த்துக்கிறேன் அக்கா” என்று தம்பி சொன்னபோது ஸ்பேனரைப் பிடுங்கி உள்ளே வைத்தேன். அதே ஜாதி இன்னொன்று லாக் ரிங் போட்ட பழைய வீல் தட்டு. நட்டைத் தளர்த்துவதற்கு முன்னால் வால்வு ஊசியைக் கழற்றிக் காற்றை முழுக்க இறக்கணும். திரும்பக் காற்று அடிப்பதை இரும்புக் கூண்டு வைத்திருக்கிற டயர் கடையில்தான் செய்யணும்.

சக்கரம் கழற்றுவதில் எல்லோரும் அவசரப்படுகிற இடம் ஜாக்கி. மழை பெய்த மண்ணில் ஜாக்கி வைக்காதீங்க. வேறு வழியில்லை என்றால் கனமான பலகை ஒன்றை அடியில் போடுங்க. வண்டியைத் தூக்குவதற்கு முன்பே நட்டுகளை அரைச்சுற்று தளர்த்திக்கொள்ளணும். தூக்கியதும் ஆக்சில் அடியில் ஸ்டாண்டு கொடுத்துவிட்டுத்தான் கையை உள்ளே விடணும். ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் படுக்காதீங்க. ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுப்பதைப் பல இடத்தில் பார்க்கிறேன். அது உடைவதற்கு முன்னால் எச்சரிக்கை கொடுக்காது.

நட்டு கழலவில்லை என்று பைப் மாட்டி ஏறிக் குதிப்பதற்கு முன், எந்தப் பக்கம் சுற்றணும் என்று பாருங்க. பழைய கனரக வண்டிகள் பலவற்றில் இடப்பக்கச் சக்கரத்துக்கு எதிர்மரை. போல்ட் தலையில் ‘எல்’ என்ற எழுத்து இருந்தால் அதுதான். திரும்ப மாட்டும்போது துருவையும் பெயிண்டையும் வயர் பிரஷ் போட்டுச் சுரண்டி எடுத்து, எதிரெதிர் நட்டாகப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்க. கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சில், மேனுவல் சொல்கிற அளவுக்கு. 50-லிருந்து 100 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி மறுபடி இறுக்கிப் பார்க்கணும். நட்டிலிருந்து செம்பட்டையாகத் துருக்கோடு வழிந்திருந்தால் அந்த நட்டு ஆடிக்கொண்டிருக்கிறது.

பின்னால் இரட்டைச் சக்கரம் இருந்தால் உள் டயரை யாரும் கவனிப்பதில்லை. அதில் காற்று இல்லாமலேயே வெளி டயர் எல்லாப் பாரத்தையும் சுமந்து ஓடும், ஒரு நாள் அதுவும் வெடிக்கும். டிரைவர்கள் ஜாக்கி ராடால் டயரைத் தட்டிப் பார்ப்பதைக் கவனிச்சிருப்பீங்க. காற்றிருந்தால் ராடு டங்கென்று துள்ளும், இல்லாவிட்டால் தொப்பென்று உட்காரும். அவசரத்துக்கு அது போதும். வாரத்துக்கு ஒரு தடவை காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது நீளமான கேஜ் வைத்து அளங்க.

டிரம்மைக் கழற்றினால் உள்ளே இருக்கிற கருப்புத் தூளை ஏர் பிடித்து ஊதாதீங்க. பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. மாஸ்க் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போடுங்க. ரிவிட் தலை லைனரின் மேல்மட்டத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் லைனர் முடிந்தது. ஹப் ஆயில் சீல் கசிந்து லைனர் எண்ணெயில் ஊறியிருந்தால் பெட்ரோல் விட்டுக் கழுவி மாட்டுகிற வேலை வேண்டாம், மாற்றித்தான் ஆகணும். ஒரு பக்கம் மாற்றினால் அதே ஆக்சிலின் மறுபக்கமும் மாற்றணும். தறியில் பாவு நூல் ஒரு ஓரம் தொய்ந்து மறு ஓரம் விறைத்தால் சேலை கோணிக்கொண்டு போகிற மாதிரி, பிடிக்கிற பக்கம் வண்டியை இழுத்துவிடும். டிரம் தேய்ந்து வரி விழுந்திருந்தால் லேத்துக்கு அனுப்புங்க. அதிகபட்ச விட்டம் டிரம்மிலேயே பொறித்திருக்கும், அதைத் தாண்டினால் புதுசு.

டிரம்மைக் கழற்றாமலேயே கோளாறைக் கண்டுபிடிக்கிற வழி ஒன்று உண்டு. நாலைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, ஒவ்வொரு ஹப்புக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோங்க, தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது அல்லது பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. ஒன்று மட்டும் சில்லென்று இருந்தால் அந்தச் சக்கரம் பிரேக்கே பிடிக்கவில்லை.

வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் ஹேண்ட் பிரேக் போடாமல் சமதரையில் கட்டை கொடுத்து விடுங்க. இல்லாவிட்டால் மழைக்காலத்தில் லைனர் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்.

ரேக், கட்டில், தண்ணீர் டேங்க் எல்லாம் ஏறியபின் ஒரு தடவை எடைமேடைக்குக் கொண்டுபோங்க. ஆர்.சி. புத்தகத்தில் போட்டிருக்கிற மொத்த எடைக்கு உள்ளே இருக்கணும். பிரேக்கும் டயரும் அந்த எடைக்குத்தான் கணக்குப் போட்டுச் செய்தவை. ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறுகிற மாதிரி வண்டியை மாற்றுவதை 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது, அதனால் அனுமதி கிடைக்குமா என்று முதலில் ஆர்.டி.ஓ.விடம் கேட்கணும், நிறம் மாற்றினால் அதையும் பதியணும். போக்குவரத்து வண்டியாகவே வைத்திருந்தால் 8 வருடத்துக்கு மேல் ஆனதற்கு வருடா வருடம் எஃப்.சி.

2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் ஸ்கூல் பஸ்ஸின் தரை ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்ததும், அந்த வருடமே தமிழ்நாட்டில் ஸ்கூல் பஸ்ஸுக்குத் தனி விதிகள் வந்ததும் நினைவிருக்கும். அதனால்தான் பள்ளி திறப்பதற்கு முன்னால் எல்லா வண்டியையும் மைதானத்தில் வரிசையாக நிறுத்திச் சோதிக்கிறார்கள். பள்ளிக்கூடத்தை விட்டு வந்த வண்டியை அப்படி நிறுத்திப் பார்க்க யாரும் வரமாட்டார்கள், நீங்கதான் பார்க்கணும்.

பிரேக்கில் கை வைத்த அன்றைக்கு வண்டியில் யாரையும் ஏற்றாதீங்க. காலி மைதானத்தில் நடை வேகத்தில் ஐந்தாறு தடவை ஓட்டி, நிறுத்தி, திரும்ப ஓட்டி, எங்கேயும் கசியவில்லை என்று குனிந்து பார்த்த பிறகுதான் மெயின் ரோட்டுக்கு எடுங்க.