கல்லூரியும் டயக்னாஸ்டிக் லேபும் கைகோக்க: முதன்முறை முயல்வோருக்கு முழுமையான வழிகாட்டி

பி.எஸ்சி. எம்.எல்.டி. மாணவர்கள் கல்லூரி லேபில் பெரும்பாலும் ஒழுங்கான சாம்பிள்களையே பார்க்கிறார்கள். வேலைக்குப் போனதும் கைக்கு வருபவை உறைந்துபோன ரத்தம், பெயர் எழுதாத ட்யூப், பாதி நிரம்பிய நீல மூடி ட்யூப். நோயாளிகளின் மாதிரிகள் தினமும் குவியும் லேபில் பழகினால்தான் இவை பிடிபடும். அப்படி ஒரு லேபோடு முதன்முறையாகச் சேர நினைக்கும் துறைத் தலைவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: என்ன வேண்டும் என்று எழுதிவையுங்கள்

பாடத்திட்டத்தை எடுத்து, உங்கள் லேபில் செய்ய முடியாதவற்றைக் குறியுங்கள். தானியங்கி அனலைசர், தினசரி தரக்கட்டுப்பாடு, ரத்த வங்கி வேலை எனப் பட்டியல் நீளும். வெளிப் பயிற்சிக்குப் பல்கலைக்கழக விதி என்ன சொல்கிறது என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

படி 2: லேபைத் தேடுங்கள்

என்.ஏ.பி.எல். அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். மருத்துவ ஆய்வகங்களுக்கு அது ஐ.எஸ்.ஓ. 15189 தரத்தின்படி தரப்படுகிறது. வேலூர் சி.எம்.சி. நடத்துவதைப் போன்ற வெளித் தர மதிப்பீட்டுத் திட்டம் எதிலாவது சேர்ந்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். பெரிய பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். எல்லாமே இயந்திரத்தில் ஓடும் இடத்தில் மாணவர் பார்கோடு ஒட்டுவதோடு நின்றுவிடலாம். கற்றுக்கொடுக்க ஆசைப்படும் மூத்த டெக்னீஷியன் ஒருவர் இருக்கும் நடுத்தர லேபையே நான் தேர்ந்தெடுப்பேன்.

படி 3: ஒப்பந்தத்தில் இவை இருக்கட்டும்

ஒரு நேரத்தில் எத்தனை மாணவர், எந்தப் பிரிவில் எத்தனை வாரம், லேப் தரப்பில் பொறுப்பாளர் யார், உதவித்தொகை எவ்வளவு என்பவற்றை எழுத்தில் வையுங்கள். ஆள் பற்றாக்குறையை மாணவரைக் கொண்டு நிரப்பக் கூடாது, மாணவர் ரிப்போர்ட்டில் கையெழுத்திடக் கூடாது, நோயாளியின் விவரம் வெளியே போகக் கூடாது என்ற மூன்றையும் தெளிவாகச் சேருங்கள்.

ஊசி குத்திவிட்டால் யாரிடம் சொல்வது, சிகிச்சைச் செலவு யாருடையது என்பதும் அதில் இருக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி வழக்கமாக 0, 1, 6 மாதங்களில் மூன்று தவணை. ஆகவே பயிற்சிக்கு அரை ஆண்டுக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். மருத்துவக் கழிவைக் கையாள்வோருக்கு இந்தத் தடுப்பூசி போட வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளே சொல்கின்றன.

படி 4: சாம்பிள் வாங்கும் மேசையில் தொடங்குங்கள்

மாணவர்கள் நேரே அனலைசரிடம் ஓடத்தான் விரும்புவார்கள். விடாதீர்கள். தவறுகளில் பெரும்பங்கு, சாம்பிள் இயந்திரத்துக்குப் போகும் முன்பே நடந்துவிடுகிறது. ஊதா மூடி ட்யூபில் இருக்கும் ஈ.டி.டி.ஏ. கொஞ்சம் வேறு ட்யூபில் கலந்தாலே பொட்டாசியம் பொய்யாக ஏறும், கால்சியம் பொய்யாக இறங்கும். ரத்த அணுக்கள் உடைந்தாலும் பொட்டாசியம் ஏறும். பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் சர்க்கரை மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் குறையும். நோயாளிக்கு இல்லாத நோயைக் காட்டவும், இருக்கும் நோயை மறைக்கவும் இத்தகைய ஒரு தவறே போதும். எந்த சாம்பிளை ஏன் திருப்பி அனுப்பினோம் என்று மாணவர் தினமும் தன் கையால் எழுதட்டும்.

பிறகு தரக்கட்டுப்பாடு. காலையில் கன்ட்ரோல் ஓட்டி, லெவி-ஜென்னிங்ஸ் வரைபடத்தில் புள்ளி வைத்து, வெஸ்ட்கார்ட் விதிகளின்படி அன்றைய ரன்னை ஏற்கலாமா என்று மாணவர் முதலில் சொல்ல வேண்டும். அதன்பின் டெக்னீஷியன் சொல்லட்டும்.

படி 5: லேபுக்கு நீங்கள் என்ன தருவீர்கள்?

இதைக் கேட்காத கல்லூரிகளின் ஒப்பந்தம் கோப்பிலேயே தூங்கும். புதிய சோதனை முறையைச் சரிபார்க்கும் ஆய்வுக்குச் சிறிய லேப்களில் நேரம் கிடைப்பதில்லை. இறுதியாண்டு புராஜெக்டாக அதை உங்கள் மாணவர்கள் செய்யலாம், புள்ளியியல் கணக்கை ஆசிரியர் பார்த்துக்கொள்ளலாம். லேப் ஊழியர்களுக்கு நீங்கள் வகுப்பெடுங்கள். அவர்களும் உங்கள் வகுப்புக்கு வந்து பேசட்டும்.

படி 6: லாக் புக், மதிப்பெண், மறுபரிசீலனை

லாக் புக்கில் அன்றன்றைக்கே பொறுப்பாளரின் கையெழுத்து வேண்டும். அவர் போடும் மதிப்பெண் உள்மதிப்பீட்டில் சேர வேண்டும். மாதம் ஒருமுறை ஆசிரியர் நேரில் போய், பொறுப்பாளரிடமும் மாணவரிடமும் தனித்தனியே பேச வேண்டும். பிற்பகலில் சாம்பிள் வரத்து குறைந்து மாணவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தால், அடுத்த வாரமே அவர்களைக் காலை ஷிப்டுக்கு மாற்றி, தியரி வகுப்புகளைப் பிற்பகலுக்குத் தள்ளுங்கள்.