குணமான பிறகும் படம் எடுங்கள்
(முதுகெலும்புக் காசநோயும் பிள்ளைகளின் வளர்ச்சியும்)

கொல்லிமலைத் தாய்மார்களே, தகப்பன்மார்களே!

காசநோய் என்றால் இருமல், சளி என்றுதான் பலரும் நினைக்கிறோம். பிள்ளைகளின் முதுகெலும்பிலும் அது வரும். அப்போது இருமல் இல்லாமலும் இருக்கலாம். ராத்திரியில் முதுகு வலித்து அழுவது, குனியாமல் குந்தி உட்கார்ந்து பொருளை எடுப்பது, முதுகில் சிறு புடைப்பு, உடல் மெலிவு, விட்டுவிட்டுக் காய்ச்சல் ஆகியவை இதன் அடையாளங்கள்.

கூன் ஏன் விழுகிறது?

ஒவ்வொரு முதுகெலும்பின் மேலும் கீழும் மெல்லிய குருத்தெலும்புத் தட்டு உண்டு. எலும்பு உயர்வது அங்கேதான். காசநோய்க் கிருமி பெரும்பாலும் எலும்பின் முன்பக்கத்தை அரிக்கும். அங்குள்ள தட்டு கெட்டால் முன்பக்கம் வளராது. பின்பக்கம் வளர்ந்துகொண்டே போகும். முதுகு முன்னால் வளையும்.

எந்தப் படம் எதைக் காட்டும்?

எக்ஸ்ரேயில் எலும்பும் வளைவும் தெரியும், குருத்தெலும்பு தெரியாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் குருத்தெலும்பு, சீழ், தண்டுவடம் மூன்றையும் காட்டும்.

"மருந்து முடிஞ்சுபோச்சு, புள்ள ஓடியாடுது, இனி எதுக்கு எக்ஸ்ரே?"

கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை டாக்டர் எஸ். ராஜசேகரன் 2001-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. மருந்து சாப்பிட்ட 61 பிள்ளைகள் குறைந்தது 15 ஆண்டுகள் கவனிக்கப்பட்டார்கள். நோய் தீர்ந்த பின்னும் சிலருக்கு வளர வளரக் கூன் கூடியது. சிலருக்கு 3 முதல் 6 ஆண்டு சும்மா இருந்துவிட்டுப் பிறகு கூடியது. வேறு சிலருக்கோ வளர்ச்சியே கூனைக் குறைத்தது! யாருக்குக் கூடும் என்று முன்பே காட்டும் நான்கு அடையாளங்களும் எக்ஸ்ரேயில் கண்டறியப்பட்டன. முன்பே தெரிந்தால் அறுவைச் சிகிச்சையால் தடுக்கலாம். விட்டுவிட்டால் பிற்காலத்தில் மூச்சுத் திணறலும் கால் தளர்ச்சியும் வரலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. முதுகு வலி இரண்டு வாரம் நீடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். கால் தளர்ந்தால் அன்றைக்கே காட்டுங்கள்.
2. புடைப்பை அழுத்தி நீவ வேண்டாம்.
3. காசநோய் மருந்து அரசு நிலையங்களில் இலவசம். டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.
4. பிள்ளை வளர்ந்து முடியும் வரை, டாக்டர் குறிக்கும் தேதியில் எக்ஸ்ரே எடுங்கள். பழைய படங்களைப் பத்திரமாக வைத்திருங்கள். ஒப்பிட்டால்தான் மாற்றம் தெரியும்.

மலையிறங்க 70 கொண்டை ஊசி வளைவு. ஒரு நாள் கூலியும் போகும். நிஜம்தான். ஆனால் அந்த ஒரு நாள், உங்கள் பிள்ளை ஆயுசுக்கும் நிமிர்ந்து நடக்க உதவும்.